இரண்டு ஹாஸ்பிஸ் சேவைகள், ஒன்பது மாதங்கள்: ஒரு மகளின் மதிப்பீடு

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். இனி மருந்து கொடுத்துப் பயனில்லை என்று மருத்துவர் சொன்னதிலிருந்து அவர் கண்மூடியது வரை ஒன்பது மாதம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். முதல் இரண்டு மாதம் ஒரு ஹாஸ்பிஸ் சேவை, அதாவது இறுதிக்கட்ட நோயாளியின் அவஸ்தையைக் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் சேவை, வீட்டுக்கு வந்தது. மீதி ஏழு மாதம் வேறொன்று. இரண்டையும் அனுபவித்ததால் ஒப்பிட முடிகிறது. பெயர்களைச் சொல்லப்போவதில்லை. முதலாவதன் மேல் இருந்த கோபம் ஆறிவிட்டது, இரண்டாவதற்கு விளம்பரம் செய்யும் எண்ணமும் இல்லை.

முதல் சேவையிலிருந்து வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், அப்பாவிடம் மரியாதையாகப் பேசினார்கள். ரத்த அழுத்தமும் நாடியும் பார்த்து நோட்டில் எழுதுவார்கள், "நல்லாத்தான் இருக்கார், பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். அந்த நேரத்தில் யாராவது என்னிடம் மதிப்பெண் கேட்டிருந்தால் தாராளமாகவே போட்டிருப்பேன். ஆனால் அவர்கள் அந்தப் பக்கம் போன பிறகு இந்தப் பக்கம் நடந்த ஒவ்வொன்றும் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது.

முதலில் வலிக்குக் கொடுத்த மார்ஃபின். தொடங்கிய நாலாம் நாள் அப்பாவின் வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. மார்ஃபின் எடுக்கிறவர்களுக்குக் குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் பழகிப்போகும், மலச்சிக்கல் மட்டும் பழகாது. அதனால் முதல் டோஸோடு சேர்த்தே மலமிளக்கியும் கொடுக்கத் தொடங்க வேண்டும். இது இந்தத் துறையில் பாலபாடம் என்று பின்னால்தான் தெரிந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா வலியைவிட மாத்திரைக்குப் பயப்பட ஆரம்பித்து, எனக்குத் தெரியாமல் துப்பினார். தலையணை உறைக்குள் மூன்று மாத்திரை கிடைத்தது.

அடுத்தது, அந்த மாத்திரையை எப்போது கொடுப்பது என்பது. "வலி வந்தா கொடுங்க" என்றார்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரை ஏறக்குறைய நாலு மணி நேரம் தாங்கும், ஆனால் விழுங்கி வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரம்கூட ஆகலாம். வலி வந்த பிறகு கொடுத்தால் அந்த அரை மணி நேரமும் மனுஷர் துடிக்க வேண்டியதுதான். நவீன ஹாஸ்பிஸ் முறைக்கு அடித்தளம் போட்ட மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்ததற்கு முன்பிருந்தே சொல்லிவந்தது இதைத்தான்: வலிக்காகக் காத்திருக்காதே, கடிகாரத்தைப் பார்த்துக் கொடு. உலக சுகாதார நிறுவனமும் 1986இல் புற்றுநோய் வலிக்கான வழிகாட்டுதலில் இதையே சொன்னது. அப்படியிருந்தும் எங்கள் வீட்டு நோட்டில் "தேவைப்பட்டால்" என்றுதான் எழுதியிருந்தது.

மூன்றாவது மூச்சுத்திணறல். இது நான் மறக்க விரும்புகிற பகுதி, ஆனால் மதிப்பீடு என்று வந்தால் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் அப்பா மூச்சுக்குத் தவித்தார். விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் அளவு 95. போனில் சொன்னோம், உடனே ஆக்சிஜன் இயந்திரத்தை அனுப்பினார்கள். அது விடிய விடிய இரைந்தது, மூக்கு காய்ந்து புண்ணானது, தவிப்பு மட்டும் குறையவில்லை. அளவு சரியாக இருப்பவருக்கு ஆக்சிஜன் கொடுத்துப் பெரிய பலன் இல்லை என்பது ஆய்வுகளில் பார்க்கப்பட்ட விஷயம். இரண்டாவது சேவையின் நர்ஸ் வந்த முதல் நாளே அந்த இயந்திரத்தை நிறுத்தினார், அப்பாவை நிமிர்த்திச் சாய்ந்தாற்போல் உட்கார வைத்தார். ஒரு சின்ன மின்விசிறியைக் கன்னத்துக்கும் மூக்குக்கும் நேரே பிடிக்கச் சொன்னார். முகத்தில் படும் குளிர்ந்த காற்றே மூளைக்குப் போகும் தவிப்பைக் குறைக்குமாம். கூடவே மூச்சுக்கென்று மிகக் குறைந்த அளவில் மார்ஃபின். மந்திரம் இல்லை, முழுசாக நிற்கவும் இல்லை. ஆனால் அன்று ராத்திரி அப்பா தூங்கினார்.

சேவையை மாற்றலாம் என்றபோது வீட்டில் சண்டை வந்தது. அத்தைக்கு ஹாஸ்பிஸ் என்ற பேச்சே பிடிக்காது. "அவனை இப்பவே அனுப்பி வைக்கப் பார்க்கறீங்களா?" என்பார். மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்ற பயம் அவருக்கு. அமெரிக்காவில் 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வை அவருக்குப் படித்துக் காட்டினேன். பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், மறு பாதிக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே நோயின் அவஸ்தையைத் தணிக்கும் பாலியேட்டிவ் கேரும் கிடைத்தது. இரண்டாவது குழுவின் இடைநிலை ஆயுள் (அதாவது குழுவில் பாதிப் பேர் தாண்டிய காலம்) 11.6 மாதம், முதல் குழுவினுடையது 8.9 மாதம். அது ஹாஸ்பிஸ் பற்றிய ஆய்வு இல்லை, சிகிச்சையோடு சேர்த்துத் தந்த நோய்த்தணிப்பு பற்றியது என்பதையும் சொன்னேன். அத்தை மசியவில்லை. ஆனால் அப்பா தூங்கியதை நேரில் பார்த்த பிறகு வாய் திறக்கவில்லை.

இரண்டாவது சேவையின் முதல் வருகை ஒன்றரை மணி நேரம் நீடித்தது. முதல் நாற்பது நிமிடம் ரத்த அழுத்தக் கருவி பையைவிட்டு வெளியே வரவேயில்லை. நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பாவிடம் நேராகக் கேட்டார்: "அப்பா, உங்க உடம்பைப் பத்தி என்ன சொல்லியிருக்காங்க? இன்னும் எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறீங்க?" இரண்டு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எல்லாத்தையும் சொல்லுங்கம்மா. ஆனா என் பையன்கிட்ட மட்டும் பார்த்துச் சொல்லுங்க, அவன் தாங்கமாட்டான்" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு வருகையும் ஏறக்குறைய ஒரே மாதிரி முடிந்தது: அடுத்து இது வரலாம், வந்தால் இப்படிச் செய்யுங்கள், இன்ன அளவு போனால் எங்களைக் கூப்பிடுங்கள். படுக்கையோடு ஆவதற்கு முன்பே படுக்கைப்புண் பற்றிச் சொல்லிவிட்டார்கள். இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும் தினமும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவந்தால் பரவாயில்லை, அழுத்தியும் வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதை என் கையைப் பிடித்துச் செய்ய வைத்தார்கள். திடீர் வலிக்குக் கூடுதல் டோஸ் எவ்வளவு, எத்தனை முறை கொடுத்தால் சொல்ல வேண்டும் என்று தனித்தாளில் எழுதித் தந்தார்கள். அந்தக் கூடுதல் டோஸ் ஒரு நாள் மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்கு வரை இருக்கும், அதனால் தினசரி அளவு ஏறும்போது இதுவும் ஏற வேண்டும் என்ற கணக்கையும் விளக்கினார்கள். கடைசி வரை அப்பாவுக்குப் புண் வரவில்லை. அவர் மெலிந்த மெலிவுக்கு அது பெரிய விஷயம்.

ஓர் இரவைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். ஆறாவது மாதம், நள்ளிரவு இரண்டரை மணி இருக்கும். அப்பா திடீரென்று எழுந்து உட்கார முயன்றார், சட்டையைப் பிய்த்தார், என்னை யார் என்று கேட்டார். மூளைக்குப் பரவிவிட்டது என்றே நினைத்தேன். இரவு எண்ணுக்கு அடித்தேன். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். நான் அப்பாவின் பெயரைச் சொன்னதும் எடுத்தவர் கோப்பைத் திறந்துவிட்டார், முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் மருந்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "கடைசியா எப்போ யூரின் போனார்?" என்றார். யோசித்தேன். மத்தியானம். "அடிவயித்தை மெதுவா அழுத்திப் பாருங்க, உருண்டையா இருக்கா?" இருந்தது. முக்கால் மணி நேரத்தில் ஒருவர் வந்து டியூப் போட்டார், பை நிறைந்தது, அப்பா என் பெயரைச் சொல்லித் தண்ணீர் கேட்டார். தனக்கு என்ன செய்கிறது என்று சொல்ல முடியாத நிலையில் இருப்பவர் இப்படித் தவித்தால், தூக்க மருந்தை நீட்டுவதற்கு முன்னால் நீர் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, வலியா என்று பார்ப்பதுதான் முறை. முதல் சேவையாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று என்னால் ஊகிக்கத்தான் முடியும். அவர்களுடைய இரவு எண்ணை இரண்டு முறை அழைத்திருக்கிறேன், இரண்டு முறையும் "காலையில டாக்டர்கிட்ட பேசுங்க" என்ற பதில்தான் வந்தது.

அமெரிக்காவில் ஹாஸ்பிஸ்களின் தரத்தைக் கணக்கிடுவதற்கு, மரணத்துக்குச் சில மாதங்கள் கழித்துக் குடும்பத்தாருக்கே ஒரு கேள்வித்தாள் அனுப்புகிறார்கள். ராத்திரியிலும் விடுமுறை நாளிலும் கேட்ட உதவி கிடைத்ததா, வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் உதவினார்களா, வீட்டில் பார்த்துக்கொள்ளப் பழக்கினார்களா என்பவை அதில் வருகின்றன. கட்டடம் எப்படி, சீருடை எப்படி என்ற கேள்விகள் இல்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

இரண்டாவது சேவையிலும் குறை உண்டு. ஏழு மாதத்தில் மூன்று நர்ஸ்கள் மாறினார்கள். ஒவ்வொரு முறையும் அப்பா புதிய முகத்துக்குப் பழக ஒரு வாரம் ஆனது. ஒரு நீண்ட விடுமுறையின்போது மார்ஃபின் தீர்ந்துபோகும் நிலை வந்தது. கையிருப்பைக் கணக்கு வைத்துக்கொள்வது அவர்கள் வேலை, நான் நினைவூட்டிய பிறகுதான் ஓடினார்கள். அனுப்பிவைத்த தன்னார்வலர் ஒருவர் அப்பாவோடு உட்காராமல் தன் குடும்பக் கதையை என்னிடம் சொல்லியே நேரத்தைப் போக்கினார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த இரண்டு மணி நேரம் நான் தூங்குவதற்காக ஒதுக்கப்பட்டது. ஆளை மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள்.

கடைசி பத்து நாளுக்கு முன் நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்தார். தூக்கம் கூடும். சாப்பாடு வேண்டாம் என்பார், வற்புறுத்தாதீர்கள், உடம்புக்கு அது இப்போது தேவைப்படவில்லை, உதட்டையும் நாக்கையும் மட்டும் ஈரப்படுத்துங்கள். தொண்டையில் சளி கரகரக்கும், கேட்க உங்களுக்குத்தான் கஷ்டம், அவருக்கு அவ்வளவாகத் தெரியாது, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு அரை நிமிடம் வரை நின்று மறுபடி வரும். பாதமும் முழங்காலும் திட்டுத்திட்டாக நீலம் பாரிக்கும். அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக வந்தது, ஏறக்குறைய அதே வரிசையில். பயமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மூச்சு முதல் முறை நின்றபோது நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். இருபத்திரண்டில் திரும்பி வந்தது.

மறுநாள் நர்ஸ் வந்து மீதியிருந்த மார்ஃபினை என் கண்முன்னால் எண்ணி, எழுதி, அழித்துவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை கூப்பிட்டுப் பேசினார்கள். இரண்டாவது தடவை அம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார்கள். என்ன பேசினார்கள் என்று அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் தம்பியிடம் கேட்டால் இந்தச் சேவைக்குப் பாதி மதிப்பெண்தான் தருவான். அப்பா முதல் நாள் சொன்ன அந்த வார்த்தை கோப்பில் ஏறவில்லை போலிருக்கிறது. மூன்றாவதாக வந்த நர்ஸ், வெளியூரிலிருந்த அவனுக்குப் போன் போட்டு, நீலம் பாரிப்பது வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அவன் அலுவலகத்தில், ஆட்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தானாம். "எனக்குத் தெரிய வேண்டாம்னு யாராவது கேட்டாங்களா அக்கா?" என்றான். இல்லை, அவனிடம் யாரும் கேட்கவில்லை. அந்தத் தாள் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, அவன் வந்தால் அந்தக் கதவைத் திறப்பதில்லை.