பழைய காருக்குப் பவர் கூட்டித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுக்கும் முன்

என் அப்பா 1998-இல் வாங்கிய மாருதி ஜென் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) வைத்த பழைய ஜென். 993 சி.சி., நான்கு சிலிண்டர், புதிதாக இருந்தபோது சுமார் 50 குதிரைத்திறன். இந்த வருடக் கோடையில் அந்த இன்ஜினுக்குக் குறைந்த செலவில் பவர் கூட்டித் தருவதாகச் சொன்ன ஒரு ஒர்க்‌ஷாப்பில் 24,500 ரூபாய் கொடுத்தேன். காரை எடுத்துவந்த பதினோராம் நாள், பர்லியார் தாண்டிய ஒரு கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் போய்விட்டது. அதைத் திரும்பக் கட்ட இன்னும் 41,000 ரூபாய் ஆனது. இதே வாக்குறுதியை இன்னும் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

பிப்ரவரியில் அப்பாவையும் அம்மாவையும் நான் ஊட்டிக்கு அழைத்துப் போனபோது தொடங்கியது இது. மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் கார் திணறியது. இரண்டாம் கியரில் மிதியை அடிவரை அழுத்தியும் முன்னால் போன பஸ்ஸை எட்ட முடியவில்லை. பின்னால் வரிசையாக ஹாரன். அப்பா ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். இதே காரில் இதே மலையை அவர் எத்தனையோ முறை ஏறியிருக்கிறார். அந்த மௌனம்தான் என்னை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பியது.

கோவைக்காரர்களுக்குப் பந்தயக் கார் என்றால் தனி மரியாதை உண்டு. மாருதி 800 இன்ஜினை வைத்தே பந்தயக் கார் செய்துகாட்டிய எஸ். கரிவரதன் வாழ்ந்த ஊர் இது. செட்டிபாளையத்தில் அவர் பெயரிலேயே பந்தயத் தடம் இருக்கிறது. இன்ஜின் வேலை உண்மையாகவே தெரிந்தவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். அவர்கள் சேர்த்துவைத்த நல்ல பெயரை, சுவரில் நான்கு பந்தயப் படங்களை மாட்டிக்கொண்டு வேறு சிலர் விற்றுக் காசாக்குகிறார்கள். எனக்கு அதில்தான் ஆத்திரம்.

நான் போன இடத்தில் ஓர் இளைஞர் பானெட்டைத் திறந்தார், இன்ஜினை இரண்டு முறை உறுமவைத்தார், மூடினார். "அண்ணா, இந்த இன்ஜின் மூச்சு விட முடியாமல் தவிக்கிறது. மூச்சைத் திறந்துவிட்டால் முப்பது சதவீதம் பவர் கூடும்" என்றார். பிளக்கைக் கழற்றவில்லை. கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கவில்லை. காரை ஓட்டியும் பார்க்கவில்லை. அந்த நிமிடமே சாவியை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும்.

18,500 ரூபாய்க்கு அவர்கள் செய்தது இவ்வளவுதான். கம்பெனி சைலன்சரை எடுத்துவிட்டு அகலமான குழாய் வைத்தார்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் மேல் கூம்பு வடிவத்தில் ஒரு திறந்த ஃபில்டரை மாட்டினார்கள். விலை உயர்ந்த இரிடியம் பிளக்குகள் போட்டார்கள். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகி டைமிங்கை அட்வான்ஸ் செய்தார்கள், அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரத்தை முன்தள்ளினார்கள். நான்கு நாள் கழித்து, "இதோடு எலெக்ட்ரிக் டர்போவும் வைத்தால்தான் முழுப் பலன்" என்று 6,000 ரூபாய்க்கு ஒரு சிறிய விசிறியை ஏர் குழாயில் செருகினார்கள். அது காற்றை இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளுமாம்.

வண்டியை எடுத்தபோது சத்தம் பிரமாதமாக இருந்தது. சத்தம் கூடினால் வேகமும் கூடியதாக மனம் எண்ணிக்கொள்ளும். என் மனமும் அப்படித்தான் எண்ணியது. சந்தேகம் வந்தது என் தங்கை மகனுக்கு. பைபாஸில் ஆளில்லாத நேரத்தில், நான்காம் கியரில் 40-லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை வினாடி என்று போனில் அளந்தான். மூன்று முறையும் 18 வினாடியை ஒட்டியே வந்தது. பழைய கணக்கு கையில் இல்லாததால் ஒப்பிட முடியவில்லை. வேலைக்கு விடும் முன் இந்த அளவை எடுத்து வைத்திருந்தால் அன்றைக்கே கேள்வி கேட்டிருப்பேன்.

அந்த விசிறியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று அதிகம் விற்பது அதுதான். அடியில் ஒட்டியிருந்த தாளில் 12 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தது. அதாவது 36 வாட். வீட்டில் எரியும் ஒரு பழைய டியூப் லைட் அளவு. இந்த இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும்போது அதே நிமிடத்தில் ஏறத்தாழ 2,000 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. அத்தனை காற்றையும் சாதாரணக் காற்றழுத்தத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அழுத்தித் தள்ள ஒரு கிலோவாட்டுக்கும் மேல் வேண்டும். 12 வோல்ட்டில் அதற்கு நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் பாய வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் விரல் தடிமனுள்ள வயரைப் பாருங்கள், பிறகு இந்த விசிறிக்குப் போகும் நூல் போன்ற வயரைப் பாருங்கள். இன்ஜின் வேகமெடுக்கும்போது அந்த விசிறி காற்றுக்கு வழியை மறிக்கும் தடையாகத்தான் நிற்கிறது.

திறந்த ஃபில்டரும் அப்படியே. பழைய பெட்டியின் மூக்குக்குழாய் வெளிக்காற்றை எடுத்தது. இது பானெட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும் காற்றை எடுக்கிறது. பத்து டிகிரி சூடு ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் மூன்று சதவீதம் குறையும். சித்திரை வெயிலில் நெரிசலில் நின்றால் உள்ளே எவ்வளவு சூடு என்பது கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்ஜினைக் கொன்றது இவை சேர்ந்த விதம். காற்றின் வழியையும் புகையின் வழியையும் மாற்றியவர்கள் கார்புரேட்டர் ஜெட்டை, அதாவது பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையைத் தொடவில்லை. பெட்ரோல் குறைந்து கலவை வறண்டது. வறண்ட கலவை, முன்தள்ளிய டைமிங், மலை ஏற்றத்தின் பாரம், ஏ.சி., வெயில். ஏற்றத்தில் தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவது போல் ஒரு சத்தம் கேட்டது. அதுதான் நாக்கிங், சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிக்கும் சத்தம். போனில் கேட்டேன். "புது பிளக் அண்ணா, செட் ஆகும்வரை அப்படித்தான் இருக்கும், நன்றாக மிதித்து ஓட்டுங்கள்" என்றார்கள். மிதித்தேன். நீலப்புகை வந்தது. பிறகு இன்ஜின் மூன்று சிலிண்டரில் ஓடுவது போல உதறியது.

லாரியில் ஏற்றிப் போத்தனூரில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் நான்கு பிளக்கையும் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைத்தார். நான்காவது பிளக்கின் பீங்கான் சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது. அதன்மேல் மிளகுத்தூள் தூவியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். "தம்பி, இது கரி இல்லை. உன் பிஸ்டன்" என்றார். உருகித் தெறித்த அலுமினியம். கம்ப்ரெஷன் கேஜை வைத்தார்: 165, 160, 165, நான்காவதில் 70. அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தார், 110 வந்தது. ஆயில் விட்டதும் ஏறினால் கோளாறு பிஸ்டன், ரிங் பக்கம். ஏறாவிட்டால் வால்வு பக்கம் என்று விளக்கினார். இன்ஜினைப் பிரித்தபோது, இரண்டு ரிங்குக்கும் நடுவில் இருக்கும் பிஸ்டன் சுவர் நகத்தளவு உடைந்து கையோடு வந்தது.

பிரிக்கும் முன் அவர் காட்டிய இன்னொன்றுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. என்னை மிதியை முழுவதும் அழுத்தச் சொல்லிவிட்டு கார்புரேட்டருக்குள் டார்ச் அடித்தார். "வந்து பார்" என்றார். மிதியை அழுத்தினால் திறந்து காற்றை உள்ளே விடும் தகடு முக்கால் பாகம்தான் திறந்திருந்தது. ஆக்ஸிலரேட்டர் கேபிள் நீண்டு தளர்ந்துபோயிருந்தது. மிதிக்கு அடியில் நான் வாங்கிப் போட்ட தடித்த மேட் வேறு. பின் இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றது. பிரேக் பிடித்தபடியே இருந்திருக்கிறது. டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வைத் திறக்கும் பாகத்தில் விட வேண்டிய சிறு இடைவெளி, பல வருடமாக யாரும் பார்க்காதது. கேபிள், பிரேக் வேலை, டேப்பெட், கார்புரேட்டர் சுத்தம் எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய். பிப்ரவரியில் திணறியதற்குக் காரணம் இவ்வளவுதான். மீதி மலையின் இயல்பு: 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்று சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. எந்தக் கார்புரேட்டர் இன்ஜினும் அங்கே அந்த அளவு திறனை இழக்கும்.

பழைய இன்ஜினில் மலிவாகக் கிடைக்கும் பவர் என்றால், அது இழந்துவிட்ட பவர்தான். அதைத் தேடாமல் புதிதாகச் சேர்க்கிறேன் என்பவரிடம் முதலில் கம்ப்ரெஷன் எண்களைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்று, கழற்றிய பொருளை அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். என் சைலன்சரையும் ஃபில்டர் பெட்டியையும் கேட்டபோது "பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம்" என்றார்கள். இந்தக் காருக்கு அந்தப் பெட்டி இன்று எளிதில் கிடைக்காது. உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்து ஒன்றைக் கண்டுபிடித்தேன். சைலன்சரை மாற்றியதற்கான சட்டப் பொறுப்பும் என் தலையில்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்தால் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பில் கேட்டு வாங்காதது என் பெரிய தவறு. பணத்தைப் போன் வழியாக அனுப்பியதால் அந்தப் பதிவும், "நன்றாக மிதித்து ஓட்டுங்கள்" என்று அவர்கள் பிறகு அனுப்பிய குரல் செய்தியும் மட்டும் இருக்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தேன். பதில் வராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அதற்குக் கட்டணம் இல்லை. போத்தனூர் மெக்கானிக் கம்ப்ரெஷன் எண்களைத் தன் கையெழுத்தில் எழுதி, தேதி போட்டுத் தந்திருக்கிறார். உடைந்த பிஸ்டன் துண்டும் நான்காவது பிளக்கும் ஒரு டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. முதல் விசாரணைக்கு எடுத்துப் போக வேண்டும்.

ரிப்பேருக்குப் பிறகு அதே பைபாஸில், அதே கியரில், 40-லிருந்து 80-க்கு 14 வினாடி. போன வாரம் அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்து ஏ.சி.யை அணைத்துவிட்டுக் குன்னூர் வரை ஏறினேன். பர்லியார் வந்ததும் அவர் ஜன்னலை இறக்கி இன்ஜின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, "மூன்றாம் கியர் போடு, இழுக்கும்" என்றார்.