புற்றுசெல் ஊடுருவல் சோதனைக்கு மேட்ரிஜெல்லா, பனிக்குடச் சவ்வா?

புற்றுசெல்கள் அடித்தளச் சவ்வை, அதாவது மேல்செல் அடுக்குக்கு அடியில் இருக்கும் மெல்லிய புரத விரிப்பை, எப்படித் துளைக்கின்றன என்று பார்க்க, புட்டியில் வரும் மேட்ரிஜெல் என்ற புரதக் கூழைப் பூசிச் சோதிப்பது வழக்கம். சிசேரியனில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வின் மேல்செல்களை நீக்கிவிட்டு அதையும் பயன்படுத்தலாம். நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன், அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

வசதியில் மேட்ரிஜெல்லுக்குப் போட்டியே இல்லை. ஐஸில் வைத்து உருக்கி, குளிர்ந்த பிப்பெட்டால் ஊற்றி, 37 டிகிரியில் வைத்தால் உறைந்துவிடும். பனிக்குடம் என்றால் தாயின் ஒப்புதல், நெறிமுறைக் குழு அனுமதி, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பரிசோதனை என்று அலைச்சல். தடிமனும் ஆளுக்கு ஆள் மாறும். மேட்ரிஜெல்லும் லாட்டுக்கு லாட் மாறத்தான் செய்கிறது.

சரி, பிறகு ஏன் மாற வேண்டும்? கொலாஜன் வலைக்காக. அடித்தளச் சவ்வுக்கு இழுவிசையைத் தாங்கும் பலம் தருவது நான்காம் வகைக் கொலாஜன் என்ற புரதம். அதன் மூலக்கூறு சுமார் 400 நானோமீட்டர் நீளம். ஒரு முனையில் நான்கு மூலக்கூறுகள் சேர்கின்றன, மறுமுனையில் இரண்டிரண்டாக இணைகின்றன. இப்படித்தான் வலை விரிகிறது. அந்த இரண்டாவது இணைப்பைப் பூட்டுவது கந்தகத்துக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான இரட்டைப் பிணைப்பு என்பது 2009இல்தான் தெரியவந்தது. பெராக்சிடாசின் என்ற நொதி அதைப் போடுகிறது, அதற்கு புரோமின் வேண்டும்.

மேட்ரிஜெல் எலியின் சார்கோமா கட்டியிலிருந்து கரைத்து எடுக்கப்படுவது. கரைந்து வந்தது என்றாலே பெரும்பாலும் பூட்டப்படாத பகுதி என்றுதான் பொருள். அதில் சுமார் 60 சதவீதம் லாமினின் என்ற இன்னொரு அடித்தளச் சவ்வுப் புரதம், கொலாஜன் 30 சதவீதம்தான். அந்தக் கொலாஜனும் குழாயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமே தவிர, உடலில் விழும் பூட்டு அங்கே விழாது. இதனால் புரதத்தை வெட்டும் எம்.எம்.பி. நொதிகளைத் தடுத்த பிறகும் செல்கள் இந்த மென்மையான கூழுக்குள் நெளிந்து நுழைந்துவிடலாம். ‘நொதி தேவையில்லை’ என்று அதை வைத்து முடிவுகட்ட முடியுமா? பூட்டிய வலையில் வெட்டாமல் வழி கிடைப்பது கடினம். என் கேள்வியே நொதியைப் பற்றியது என்பதால் எனக்கு வேறு வழியில்லை.

பனிக்குடத்தைப் பொருத்தும்போது அடித்தளச் சவ்வுப் பக்கம் மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் முதலாம், மூன்றாம் வகைக் கொலாஜன் இழைகள்.

ஆர்கனாய்டு (உறுப்பைப் போல முப்பரிமாணத்தில் வளரும் குட்டிச் செல்திரள்) வளர்ப்பில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே லாமினினுக்குப் பெரிய வேலை இருப்பதால், மேட்ரிஜெல்லை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். நிறைய மருந்துகளை வேகமாகச் சோதித்துச் சலித்தெடுப்பவர்களுக்கும் அதுவே தோது.