ட்ரெய்லர் வாடகைக்கு எடுக்குறவங்க அலாரத்தைக் கழட்டி பின்பக்கம் பாருங்க

போன மாசம் குடும்பத்தோட கேம்பிங் போக ஒரு ட்ரெய்லர் (கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போய் உள்ளயே படுத்துக்குற வண்டி) வாடகைக்கு எடுத்தோம், ஜெனரேட்டரும் ஓனரே குடுத்தார். ஜெனரேட்டர் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயு உள்ள வந்தா கத்துற அலாரம் இருக்கான்னு நானாத்தான் கேட்டேன். "புதுசு சார்"னு டெஸ்ட் பட்டனை அமுக்கிக் காட்டினார், பீப்னு சத்தம் வந்துச்சு, பச்சை லைட்டும் எரிஞ்சுது, நம்பிட்டேன்.

அவர் குடுத்த வயர் பத்து அடி கூட இருக்காது. ஜெனரேட்டரைத் தள்ளி வைக்க வேண்டாமான்னு போன்ல கேட்டா, "வெளியதானே இருக்கு, ஜன்னலை சாத்திக்கோங்க, எல்லாரும் அப்படித்தான் வைக்கிறாங்க"ன்னார். ஏசி போட்டுட்டுப் படுத்தோம்.

நடுராத்திரி பொண்ணு "தலை வலிக்குதுப்பா"ன்னு எழுப்பினா, உடனே வாந்தி. எனக்கும் நெத்திப்பொட்டு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, எந்திரிச்சா கால் நிக்கல. சாப்பிட்டது சேரலைன்னுதான் நினைச்சோம். தண்ணி எடுக்க வெளிய போன என் மனைவி கொஞ்ச நேரம் நின்னுட்டு, "இங்க வந்தா தலை தெளிஞ்ச மாதிரி இருக்குங்க"ன்னு சொன்னா பாருங்க, அப்பதான் எனக்கு உறைச்சுது, பொண்ணைத் தூக்கிட்டு வெளிய ஓடினேன். அலாரம் அதே பச்சை லைட்டோட கம்முனு இருந்துச்சு.

ஆஸ்பத்திரில விரல்ல மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்குற மெஷின் 98 காட்டுச்சு. அதை நம்பக் கூடாது, இந்த வாயு ரத்தத்துல ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும், அந்த மெஷினுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு டாக்டர் சொல்லி, ரத்த டெஸ்ட் எடுத்து மூணு பேருக்கும் ஆக்ஸிஜன் மாஸ்க் வெச்சாங்க. நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, தூங்குறவங்க தூக்கத்துலயே போயிருப்போம்.

மறுநாள் ட்ரெய்லரைத் திருப்பி விடும்போது ஸ்க்ரூவைக் கழட்டி அலாரத்தோட பின்பக்கம் பார்த்தேன். தூசி படிஞ்ச லேபிள்ல மாத்த வேண்டிய வருஷம் போட்டிருக்கு, அது முடிஞ்சே 6 வருஷம் ஆச்சு! உள்ள இருக்குற சென்சாருக்கு ஆயுசு பொதுவா 5லருந்து 10 வருஷம்தான், பட்டனை அமுக்குனா சத்தமும் கரண்டும் சரியா இருக்கான்னுதான் தெரியும், சென்சார் உயிரோட இருக்கான்னு தெரியாது. இன்னொண்ணு, தரைகிட்ட மாட்டியிருக்குறது பெரும்பாலும் சமையல் கேஸுக்கான அலாரம், சிலது ரெண்டுக்கும் சேர்த்து வரும், எதுக்குன்னு படிச்சுப் பார்த்துக்கோங்க.

ஜன்னலை சாத்துறதெல்லாம் பத்தாது, தரையில வயர் போற ஓட்டை, கூரை வென்ட்னு எது வழியா வேணாலும் புகை வரும், காத்து திரும்பினா போதும். குறைஞ்சது 20 அடி தள்ளி, புகைக் குழாய் ட்ரெய்லரைப் பார்க்காம வைங்க, அதுக்கேத்த நீள வயர் கேளுங்க, படுக்கும்போது ஆஃப் பண்ணிடுங்க. பேட்டரில ஓடுற அலாரம் ஒண்ணு சொந்தமா வாங்கிக் கையோட கொண்டு போங்க. தலைவலி ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு வந்தா யோசிக்கவே வேண்டாம், வெளிய வந்துடுங்க.

ஓனர்கிட்ட கேட்டதுக்கு "பக்கத்துல வெச்சது நீங்கதானே"ன்னார். அலாரத்தைத் திருப்பிக் குடுக்கலைன்னா அட்வான்ஸ்ல பிடிப்பேன்னு தினமும் போன் வேற. பிடிச்சுக்கட்டும், அதை இன்னொரு குடும்பம் தூங்குற இடத்துல மாட்ட நான் விடமாட்டேன்.