கடையில் போய் எடுப்பதா, வீட்டுக்கே வரவைப்பதா?

ஹட்டன், நுவரெலியா டவுனுக்குள் வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆன்லைனில் வாங்கும் சாமானை வீட்டுக்கே வரச் சொல்லலாம். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கதை வேறு. பல லயங்களில் வீட்டுக்குத் தனி முகவரியே கிடையாது. கடிதமும் தோட்ட அலுவலகம் வழியாகத்தான் வரும். டெலிவரிப் பையன் மெயின் ரோட்டில் நின்று கோல் எடுப்பான், நமக்கோ சிக்னல் இருக்காது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வேறு. ஒருமுறை எங்கள் கோதுமை மா பாதி நனைந்தே வந்தது.

ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டுக் கடையில் போய் எடுத்தால் டெலிவரிக் காசு மிச்சம், ஆட்டோக் காசு செலவு. சரி, ஆனால் முட்டை உடைந்திருக்கிறதா, பால்மா பக்கெட்டின் திகதி முடிந்துவிட்டதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். மைசூர் பருப்புக்குப் பதில் வேறு எதையாவது போட்டிருந்தாலும் உடனே மாற்றலாம். டவுனில் வேறு வேலை இருக்கும் நாளில்தான் நான் ஆர்டர் போடுவேன். 10 கிலோ அரிசி மூட்டைக்கு மட்டும் டெலிவரி.