முட்டை ஒவ்வாத வீட்டில் ஒரு கஸ்டர்ட் பவுடர் பொட்டலம்

நோன்பு நாள்களில் எங்கள் கீழக்கரை வீடுகளுக்குப் பழக் கஸ்டர்ட் புதிதன்று. ஆனால் என் மகளுக்கு முட்டை ஒவ்வாது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான், கடைத்தெருவில் நூறு கிராம் பொட்டலமாக வாங்கிவரும் இந்த மாவு முதன்முதலில் யாருக்காகச் செய்யப்பட்டது என்று தேடிப் படித்தேன்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் கடை வைத்திருந்த வேதியியலாளர் ஆல்ஃபிரட் பேர்ட் (1811–1878), தம் மனைவி எலிசபெத்துக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால், கஸ்டர்டில் வழக்கமாகச் சேரும் முட்டையை விலக்கிச் சோளமாவைக் கொண்டு 1837இல் இதைச் செய்தார். வீட்டுக்கு வந்த விருந்தினருக்கு அது தவறுதலாகப் பரிமாறப்பட, அவர்கள் விரும்பி உண்டதைக் கண்டுதான் விற்கத் துணிந்தார் என்று சொல்வார்கள். அந்த அம்மையாருக்கு, ரொட்டி மாவை உப்பவைக்கும் ஈஸ்ட்டும் ஆகாது என்பதால் 1843இல் பேக்கிங் பவுடரும் பிறந்தது. இத்தனைக்கும், பேர்ட் இறந்தபின் வேதியியல் கழகத்தின் இதழில் வந்த இரங்கல் குறிப்பு, அவர் அமைத்த நீர்க் காற்றழுத்தமானியைப் பற்றிப் பேசியதே தவிர, கஸ்டர்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடுப்பங்கரையில் நடப்பது வேதியியலில் சேராது போலும்!

பொட்டலத்துக்கு வருகிறேன். உள்ளே இருப்பது பெரும்பாலும் சோளமாவுதான். நிறமும் வெனிலா மணமும் சேர்த்திருக்கிறார்கள். அரை லிட்டர் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். ஆறிய பாலில் கரைத்து ஊற்றாமல் கொதிக்கும் பாலில் நேரே தூவினால், மேல்மாவு மட்டும் வெந்து, உள்ளே பச்சை மாவோடு கட்டி தட்டிவிடும். முட்டை சேர்த்த பால் சூடு கூடினால் திரிந்துவிடும்; இது திரிவதில்லை. ஆனால் கிளறுவதை விட்டால் அடிபிடிக்கும். வெனிலா மணம் எனக்குச் சற்றுத் தூக்கல். ஏலக்காய் தட்டிப் போட்டதும் அடங்கியது.

குறை ஒன்று உண்டு. பிரித்த உறையை மீண்டும் மூட வழியில்லை. எங்கள் ஊர்க் கடற்காற்றில் நான்கே நாளில் மாவு ஈரம் கோத்து உருண்டையாகிவிட்டது. இரண்டாவது பொட்டலத்தை வாங்கிய அன்றே கண்ணாடிப் போத்தலில் கொட்டி மூடினேன்.

சீனிக்குப் பதில் கருப்பட்டியும் சேர்த்துப் பார்த்தேன். கொதிக்கும் பாலில் போட்டால் பால் முறிந்துவிடும் என்பதால், தனியே பாகாக்கி வடிகட்டி, கஸ்டர்ட் வெதுவெதுப்பாக ஆறியபின் கலந்தேன். மஞ்சள் நிறம் மங்கிப் பழுப்பானாலும் சுவை பல மடங்கு கூடியது. நுங்கைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டுக் குளிரவைத்த கிண்ணத்தை மகள் வழித்தே தின்றாள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டலப்பம் அவிப்பதில் கைதேர்ந்த என் மாமியோ, இரண்டு கரண்டி உண்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு; வட்டலப்பம்னு மட்டும் சொல்லிராதே" என்றார். முட்டை தரும் கனமும் நெய்ப்பும் இதில் இல்லை என்பது உண்மைதான். பெருநாளன்று இரண்டும் தனித்தனிச் சட்டியில் அடுப்பேறின.