வீட்டுக்கு வரும் குழுவா, ஹாஸ்பிஸ் இல்லமா?

நோய் முற்றிய அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வலி தணிப்புச் சிகிச்சை தேடுகிறீர்களா? வீட்டுக்கே வந்து கவனிக்கும் குழு, கடைசிக் காலத்தில் தங்கவைத்துக் கவனிக்கும் ஹாஸ்பிஸ் இல்லம் என்ற இரண்டு வழியிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கடும் வலியைத் தணிக்கும், போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்ட மார்ஃபின் மாத்திரை கொடுக்க அங்கீகாரம் இருக்கிறதா? 2014-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி இதற்கான நடைமுறையை எளிதாக்கிவிட்டார்கள். கடும் வலிக்கும் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளும் இடம் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக் குழுவின் தரம் இரவில்தான் தெரியும். 2 மணிக்கு மூச்சுத் திணறினால் போனை எடுப்பது யார்? நோயாளியை அறிந்த நர்ஸ் என்றால் நல்லது. அப்புறம், படுக்கைப்புண்ணைச் சுத்தம் செய்ய, மருந்தை நேரத்துக்குக் கொடுக்க வீட்டாருக்குப் பொறுமையாகக் கற்றுத் தருகிறார்களா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீடு தேடி வரும் நோய்த்தணிப்புச் சேவை உண்டு, அதையும் விசாரியுங்கள்.

இல்லம் என்றால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கட்டடத்தை விடுங்கள், படுத்திருப்பவர்களின் முகத்தையும் வாயையும் பாருங்கள். உதடு வறண்டிருந்தால் கவனிப்பு போதவில்லை. உறவினர் இரவு தங்கலாமா என்றும் கேளுங்கள்.

வலி அடங்கி, பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் வீடே மேல் என்பேன். வலி அடங்காவிட்டாலோ பார்த்துக்கொள்பவர் சோர்ந்துவிட்டாலோ இல்லத்தில் சேர்க்கத் தயங்காதீர்கள்; வலி தணிந்ததும் வீட்டுக்கு அழைத்துவரலாம்.