விஷ்போன் நாற்காலி: அசலும் அதன் சாயலில் வருபவையும்

இந்த நாற்காலியை உட்கார்ந்து பார்த்தால் மட்டும் போதாது, கவிழ்த்தும் பார்க்க வேண்டும். நூறு வருஷம் நிற்கப்போகிறதா, இரண்டு வருஷத்தில் ஆடப்போகிறதா என்பதை அடிப்பக்கம்தான் சொல்லும்.

அசல் டென்மார்க்கைச் சேர்ந்தது. ஹான்ஸ் வெக்னர் 1949-ல் வடிவமைத்த சிஹெச்24 என்ற மாதிரி. 1950-லிருந்து இன்றுவரை கார்ல் ஹான்சன் நிறுவனம் இதைச் செய்துவருகிறது. முதுகுக்குப் பின்னால் உண்டிவில் கவட்டை மாதிரி நிற்கும் துண்டால்தான் விஷ்போன் (பறவை நெஞ்சின் கவட்டை எலும்பு) என்ற பெயர், ஆங்கில ஒய் எழுத்து போலிருப்பதால் ஒய் நாற்காலி என்றும் பெயர். மிங் காலத்துச் சீன நாற்காலிகளில் டென்மார்க் வணிகர்கள் உட்கார்ந்திருக்கும் ஓவியங்களைப் பார்த்துத்தான் வெக்னருக்கு இந்த யோசனை வந்தது. முதுகும் கைப்பிடியும் ஒரே வளையமாக ஓடுவது அங்கிருந்து வந்த அழகு.

அந்த வளையத்தில்தான் அசலுக்கும் மற்றவற்றுக்கும் பெரிய வித்தியாசம். அசலில் ஒரே கட்டையை ஆவியில் இளக்கி வளைக்கிறார்கள். அதனால் மரத்தின் ரேகையும் கட்டையோடு சேர்ந்தே வளைகிறது. மலிவான சாயல்களில் நேரான பலகையிலிருந்து வளைவை அறுத்தெடுத்து, இரண்டு மூன்று துண்டுகளைப் பசை போட்டு இணைத்துவிடுகிறார்கள். அப்படி அறுத்ததில் வளைவு கூடும் இடத்தில் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டுக் கிடக்கும். நாற்காலியைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கும்போதும், யாராவது பக்கவாட்டில் சாயும்போதும் முதலில் விரிசல் விடுவது அந்த இடம்தான். கண்டுபிடிப்பது சுலபம்: ஒரு ரேகையை எடுத்துக்கொண்டு விரலால் பின்தொடருங்கள். அது வளைவோடு போகாமல் ஓரத்தில் போய் முடிந்தால் அறுத்த கட்டை. கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். பல்பல்லாக இணைத்த கோடு மேடாகத் தெரியும்.

உட்கார எப்படி? சாப்பாட்டு மேசைக்கு மிக நல்ல நாற்காலி. இருக்கை முன்பக்கம் அகலம், கைப்பிடி குட்டை. அதனால் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து பேசலாம், எழுவதும் எளிது. மேல்வளையம் நடுமுதுகில் தாங்கும். அதே காரணத்தால் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் உட்கார இது சரிப்படாது. கீழ்முதுகுக்குப் பிடிமானமே இல்லை.

அளவைப் பார்க்காமல் வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. அகலம் 55 செ.மீ., உயரம் 76 செ.மீ., இருக்கையின் உயரம் 45 செ.மீ. கைப்பிடி சுமார் 70 செ.மீ. உயரத்தில் வரும். மேசைப் பலகைக்கு அடியில் சட்டம் அதைவிடத் தாழ இருந்தால் நாற்காலி உள்ளே போகாது, கைப்பிடி அதில் இடித்து இடித்து வண்ணம் உரியும். தரையிலிருந்து மேசையின் மேற்பரப்பு வரை அளக்காதீர்கள், சட்டத்தின் அடி வரை அளந்து பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் போடுவதானால் ஒரு நாற்காலிக்கு 65 செ.மீ. விடுங்கள். இல்லாவிட்டால் முழங்கைகள் மோதும்.

இனி இருக்கைப் பின்னல். ஒரு நாற்காலிக்குச் சுமார் 120 மீட்டர் காகிதக் கயிறு பிடிக்கும். காகிதமா என்று தயங்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது கடற்புல்லுக்கு மாற்றாக டென்மார்க்கில் புழக்கத்துக்கு வந்த கயிறு இது. மூன்று இழை சேர்த்து முறுக்கியது, பல பத்தாண்டு தாங்கும். புதிதில் உட்காரும்போது கிறீச்சிடும். கயிறு படியப் படியச் சத்தம் அடங்கிவிடும், குறையென்று நினைக்க வேண்டாம்.

நல்ல பின்னலில் நான்கு முக்கோணங்கள் நடுவில் சந்திக்கும். மூலையிலிருந்து நடுவுக்கு வரும் கோடு அம்பு மாதிரி நேராக இருக்க வேண்டும். அது நெளிந்திருந்தால் பின்னியவர் மூலையில் செங்கோணத்தைத் தவறவிட்டிருக்கிறார் என்று அர்த்தம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மரத்துண்டை வைத்துத் தட்டி நேராக்கிக்கொண்டே போக வேண்டிய வேலை அது. அங்கே சோம்பல் பட்டால் இடைவெளி நடுவில் வந்து நிற்கும். கட்டைவிரலால் நடுவே அழுத்துங்கள். கயிறுகள் விலகி விரல் உள்ளே போனால் ஒரு வருஷத்தில் இருக்கை தொட்டிலாகிவிடும். பிளாஸ்டிக் கயிறு என்றால் வழுக்கும், உடம்புச் சூட்டில் இளகித் தொய்யும். அதை வாங்கவே வேண்டாம்.

காகிதக் கயிற்றுக்கு எதிரிகள் மூன்று: எண்ணெய், பின்பாக்கெட் சாவி, பூனை நகம். தண்ணீர் கொட்டினால் உடனே துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் மேல்பட்டை பஞ்சு பஞ்சாக எழும்பும். எண்ணெய்க் கறை போகவே போகாது.

இப்போது கவிழ்த்துப் பாருங்கள். துளைக்குள் முளை செருகிப் பசையிட்ட பொருத்து என்றால் அடியில் இரும்பே கண்ணில் படாது. பிரித்து அனுப்பி, வீட்டில் போல்ட் போட்டு முடுக்குகிற வகை சாயல்களில் அதிகம். அது தன்னளவில் தப்பில்லை, முடுக்கும் முறைதான் முக்கியம். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் திருகுங்கள். சமதரையில் நிறுத்தி ஒருவர் உட்காரட்டும். அந்தப் பாரத்திலேயே மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஒரு கால் தரையில் படாமல் கடைசிவரை ஆடும். ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு முறை இறுக்க வேண்டும். போல்ட் துளைக்குள் எட்டிப் பாருங்கள். வெளியே வால்நட் மரத்தின் கரும்பழுப்பு நிறம், உள்ளே வெளிறிய மஞ்சள் என்றால் சாயம் பூசிய ரப்பர் மரம். உறுதிக்குக் குறைவில்லை, ஆனால் முதல் கீறலிலேயே வெள்ளை தெரியும். அசல் வால்நட் என்ற விலைக்கு அதை வாங்காதீர்கள்.

பணம் குறைவென்றால் சாயலிலேயே பீச் (beech) அல்லது ஓக் மரம், காகிதக் கயிறு, ஆடாத கால் மூன்றும் உள்ளதை எடுங்கள். மேல்வளையம் இரண்டு துண்டாக இருந்தாலும் இணைப்பு வளைவின் உச்சியில் இல்லாமல் நேர்ப்பகுதியில் இருந்தால் பரவாயில்லை. ஆறு சுமாரான நாற்காலியைவிட நல்லதாக நான்கு மேல்.

மரத்தின் மேல்பூச்சில் எங்கள் தேர்வு ஆளிவிதை எண்ணெய் மாதிரியான மர எண்ணெய். லாக்கர் (வார்னிஷ் மாதிரிப் பளபளப்புப் பூச்சு) அழுக்கு பிடிக்காது, ஆனால் உரிந்தால் முழுதாகச் சுரண்டித்தான் மறுபடி பூச முடியும். எண்ணெய் பூசியதில் கறைபட்ட இடத்தை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் ரேகைப் போக்கில் தேய்த்துச் சரிசெய்யலாம். எண்ணெயை மெல்லியதாகத் தடவி, கால்மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்தெடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு பல வாரம் போகாது. கயிற்றில் எண்ணெய் படாதபடி ஓரத்தில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிட்டு, பிறகு எறியுங்கள்.